வயிற்றுக்குள் ஓர் ஓட்டை: பெரிட்டோனைட்டிஸில் உயிர் தப்புவது எதைப் பொறுத்தது?

குடற்புண் துளைத்து வயிற்றுக்குள் ஓட்டை விழும்போது வரும் நோவை எவராலும் மறைக்க முடியாது. நோயாளி நேரத்தையே சொல்லிவிடுவார்: பின்னேரத் தேத்தண்ணி குடிக்கும்போது, சைக்கிளால் இறங்கும்போது, வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நின்றபோது. ஆள் அசையமாட்டார். காலை மடக்கி, மூச்சைக்கூட மேலோட்டமாக விட்டபடி கிடப்பார். பெரிட்டோனைட்டிஸ் (வயிற்றறையைப் போர்த்தியிருக்கும் சவ்வின் அழற்சி) என்ற இந்த நோயின் சூழ்ச்சி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பலருக்கு நோவு தணிந்துவிடும். அமிலம் பட்டு எரிந்த வயிற்றின் உள்ளுறை தன்பாட்டில் நீரைச் சுரந்து அந்த அமிலத்தை ஐதாக்குகிறது. முகம் தெளிகிறது. "சோடா ஒண்டு குடிச்சன், இப்ப பரவாயில்லை" என்கிறார். வீட்டுக்காரரும் லைற்றை அணைத்துவிட்டுப் படுக்கிறார்கள். உள்ளே கசிவு நிற்கவில்லை. அமிலத்தின் வேலை முடிந்து பற்றீரியாவின் வேலை தொடங்கியிருக்கிறது. ஏறத்தாழ 12 மணித்தியாலம் கழிந்து, வயிறு ஊதி, நாடி பறந்து, கைகால் குளிர்ந்து அதே ஆளைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வரும்போது, சத்திரசிகிச்சை வைத்தியருக்கு முன்னால் இருப்பது வேறொரு நோய்.

இப்படி வந்து இறந்தவர்களைப் பற்றி ஊரில் கதைக்கும்போது "ஒப்பரேஷன் பிழைச்சுப் போச்சு" என்ற சொல் இலகுவாக வந்துவிடும். பிழைப்பதும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் ஆட்டம் தியேட்டர் கதவுக்கு வெளியிலேயே பாதி முடிந்துவிடுகிறது. எது கசிந்தது, எவ்வளவு நேரம் கசிந்தது, யாருடைய உடம்பில் கசிந்தது என்ற மூன்றும் சேர்ந்துதான் முடிவை எழுதுகின்றன. மூன்றில் நம் கையில் இருப்பது நடுவில் உள்ளது மட்டும்.

பெரிட்டோனியம் என்பது வயிற்றறையின் உட்சுவரையும் அதற்குள் இருக்கும் உறுப்புகளையும் போர்த்தியிருக்கும் மெல்லிய, வழுவழுப்பான சவ்வு. விரித்துப் பார்த்தால் பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீற்றர் வரும், ஒருவரின் தோலின் பரப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். சாதாரணமாக அதற்குள் இருப்பது 50 மி.லீ. அளவு நீர்தான், குடல்கள் ஒன்றோடொன்று உராயாமல் வழுக்கி ஓட அது போதும். இந்தச் சவ்வு அழற்சியடைந்தால் உடம்பின் தோல் முழுவதும் வெந்தவருக்கு நடப்பதுபோலவே இரத்தக் குழாய்களில் இருந்து நீர் வெளியேறி வயிற்றுக்குள் தேங்குகிறது. வெளியே ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமலே பல லீட்டர் நீரை இழந்து நோயாளி இரத்த அழுத்தம் விழும் அதிர்ச்சி நிலைக்குப் போவது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டின் அடியில் உள்ள நுண்ணிய துவாரங்கள் வயிற்றறை நீரை உறிஞ்சி நிணநீர் வழியாக இரத்தத்தில் சேர்க்கின்றன. வயிற்றைச் சுத்தப்படுத்த இயற்கை வைத்த இந்த வழியாலேயே பற்றீரியாவும் இரத்தத்துக்குள் ஏறுகிறது.

வைத்தியர்கள் இந்த அழற்சியை மூன்றாகப் பிரிப்பார்கள். எங்கும் ஓட்டை இல்லாமல், ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கட்டியவர்களுக்குத் தானாக வருவது முதல்நிலை. அதற்குப் பெரும்பாலும் மருந்தே போதும். உள்ளுறுப்பு ஒன்று துளைந்தோ, அழுகியோ, தையல் விட்டோ வருவது இரண்டாம்நிலை. சத்திரசிகிச்சை விடுதிகளில் காண்பது அநேகமாக இதுதான். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியது. இரண்டாம்நிலைக்கு முறையாகச் சிகிச்சை செய்தும் 48 மணித்தியாலத்துக்கு மேல் அடங்காமல் தொடர்வதை மூன்றாம்நிலை என்பார்கள். அதைச் சந்திப்பது அதிதீவிர சிகிச்சைப் பிரிவில்.

மேலை நாடுகளின் பாடநூலைத் திறந்தால் பெருங்குடலின் கீழ்ப்பகுதி துளைவது பற்றி நிறைய இருக்கும். தெற்காசியாவில் ஓட்டை பெரும்பாலும் மேலே விழுகிறது: முன்சிறுகுடலின் முதற்பகுதியில், இரைப்பையில், சிறுகுடலின் கடைசி முழத்தில். முன்சிறுகுடற் புண்ணுக்கு எங்கள் ஊரில் குற்றவாளி எப்போதும் கறித்தூள்தான். உறைப்பைக் குறை, நேரத்துக்குச் சாப்பிடு என்பதோடு அறிவுரை முடிந்துவிடும். யாழ்ப்பாணத்துக் கறிக்காக வாதாட எனக்குப் பெரிய விருப்பம் இல்லை. ஆனால் சான்று அதன் பக்கம்தான் நிற்கிறது. 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல், றொபின் வொறன் இருவரும் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவை இரைப்பைச் சவ்வில் இருந்து வளர்த்துக் காட்டினார்கள். அதற்காக 2005இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தக் கிருமி ஒரு பக்கம், நோக் குளிசைகள் மறுபக்கம். புகைத்தல் இரண்டுக்கும் துணை நிற்கிறது.

நோக் குளிசையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். முழங்கால் நோவுக்கு டிக்ளோபெனாக்கோ ஐபுபுரோபெனோ பார்மசியில் சொல்லி வாங்கி, முடியும்போதெல்லாம் திரும்ப வாங்கி, வருடக்கணக்காகப் போடும் அம்மம்மாமார் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் பலர் நெஞ்சுக்கென்று அஸ்பிரினும் சேர்த்துப் போடுகிறார்கள். மூட்டு வீக்கத்துக்கும் இழுப்புக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்ரீரோயிட் எடுப்பவர்களும் உண்டு. இந்த மருந்துகள் சேரும்போது இரைப்பையின் பாதுகாப்புச் சளிப்படலம் மெலிந்து புண்ணாகிறது. நோவைத் தணிக்கும் மருந்து என்பதால் புண்ணின் நோவும் தெரிவதில்லை. "ஒரு நாளும் வயித்துக்குத்து எண்டு சொல்லாத மனிசி" என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை. முதல் அறிகுறியே ஓட்டைதான். நோக் குளிசை நீண்டகாலம் தேவைப்படும் வயதானவருக்கு அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் சேர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான். பார்மசியில் தானாக வாங்குபவருக்கு அந்த இரண்டாவது குளிசை கிடைப்பதில்லை.

அடுத்தது நெருப்புக் காய்ச்சல் (தைபொயிட்). குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல். மழை நீரும் மலகூடக் குழி நீரும் வெடிப்புகளால் வேகமாக இறங்குகின்றன. நாலு பரப்புக் காணி பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து சிறுக, கிணற்றுக்கும் குழிக்கும் இடையிலான தூரமும் சிறுத்தது. யாழ்ப்பாணக் கிணற்று நீரில் மலக் கிருமி இருப்பது பல தடவை பரிசோதித்துக் கண்ட விடயம். நெருப்புக் காய்ச்சல் இந்த மாவட்டத்தை நெடுங்காலம் விடாமல் பிடித்திருந்ததற்கும் அதுவே அடிப்படை. தைபொயிட் கிருமி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ள நிணநீர்த் திட்டுகளில் தங்கி அவற்றை அழுகச் செய்கிறது. இரண்டாம், மூன்றாம் கிழமையில், காய்ச்சலில் துவண்டு கிடக்கும் ஆளுக்கு அந்த இடம் துளைகிறது. ஏற்கெனவே காய்ச்சலும் வயிற்று ஊதலும் இருப்பதால் புதிதாக ஒன்று நடந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம். குடலும் நைந்து போயிருக்கும், தையல் பிடிக்காது. சிலருக்கு ஓட்டை ஒன்றுக்கு மேலும் இருக்கும். இப்போது முன்னைய அளவுக்கு நெருப்புக் காய்ச்சல் இல்லாததால் இளம் வைத்தியர்கள் இதைக் காண்பது அரிது. அரிதாக வருவதாலேயே தவறவிடக்கூடியது.

மற்றக் காரணங்களை விரைவாகச் சொல்லலாம். அப்பெண்டிக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் குடல்வளரி வெடிப்பது எண்ணிக்கையில் அதிகம், உயிராபத்தில் குறைவு. சின்னப் பிள்ளைகளிலும் முதியவர்களிலும் கர்ப்பிணிகளிலும் மட்டும் அந்தக் கணக்கு மாறும். குடலிறக்கம் இறுகி உள்ளே சிக்கிய குடல் கறுத்துப் போவது, பெருங்குடற் புற்றுநோய் துளைவது, குடலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவது, பித்தப்பை அழுகுவது, பெண்களில் சூலகமும் பலோப்பியன் குழாயும் சேர்ந்து சீழ்கட்டி உடைவது. மோட்டார் சைக்கிள் விபத்தில் கைப்பிடி வயிற்றில் இடிப்பது, பனையால் விழுவது. போர்க்காலத்தில் ஷெல் துண்டு வயிற்றைத் துளைத்து வந்தவர்களைத் தைத்துத் தைத்தே ஒரு தலைமுறை வைத்தியர்கள் இந்த வேலையைப் பழகினார்கள். மீன் முள்ளையும் விடக்கூடாது. விழுங்கிய முள் சிறுகுடலின் கடைசியிலோ குதத்துக்குச் சற்று மேலேயோ குத்தித் துளைப்பது மருத்துவ நூல்களில் நன்கு பதிவான ஒன்று. பொய்ப்பல் கட்டியவர்களுக்கு வாயில் முள் தட்டுப்படாது. விழுங்கினதும் நினைவில் இராது.

தனியாகச் சொல்ல வேண்டியது, ஏற்கெனவே வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவருக்கு இணைத்த குடலின் தையல் விட்டுக் கசிவது. வழமையாக ஐந்தாம் நாளில் இருந்து ஏழாம் நாளுக்குள். நோயாளிக்கு ஏற்கெனவே வயிற்றில் காயம், நோ மருந்தும் ஏறுகிறது. பலகைபோல் இறுகிய வயிறு என்ற பாடநூல் அடையாளத்தைத் தேடினால் கிடைக்காது. காரணம் தெரியாமல் ஏறும் நாடித்துடிப்பு, மூச்சு வாங்குவது, "ஆள் நேற்றைக்கு இருந்த மாதிரி இல்லை" என்று விடுதித் தாதி சொல்வது. அனுபவமுள்ள தாதியின் இந்த ஒரு வரியை நான் எந்த இரத்தப் பரிசோதனைக்கும் மேலாக வைப்பேன்.

கண்டுபிடிப்பதற்கு இன்றும் முதலில் வேண்டியது கைதான். வயிற்றில் கை வைத்ததும் தசை தானாக இறுகும். மெதுவாக அழுத்திச் சட்டென்று எடுத்தால் நோ துள்ளும். நிமிர்த்தி வைத்து நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் பிரிமென்றகட்டின் கீழே பிறை வடிவில் காற்றுத் தெரியும். துளைந்த புண்களில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதத்தில் மட்டுமே இது தெரியும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. சந்தேகம் இருந்தால் சீ.ரி. ஸ்கான். முதியவர், நீரிழிவுக்காரர், ஸ்ரீரோயிட் எடுப்பவர் ஆகியோருக்கு வயிறு இறுகாமலே உள்ளே எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

நோவுக்கு ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும், ஆகவே சத்திரசிகிச்சை வைத்தியர் பார்க்கும்வரை போடக்கூடாது என்ற பழைய விதி இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. அது தேவையற்ற கொடுமை. ஆஸ்பத்திரியில் நோவைத் தணிப்பதால் நோயைக் கண்டறிவது கெடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. தனியார் கிளினிக்கில் ஊசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் ஆபத்து. அமிலம் ஐதாகித் தரும் பொய்யான ஆறுதலோடு ஊசியின் ஆறுதலும் சேர்ந்தால் ஒரு முழு இரவு போய்விடும்.

அந்த இரவுகள் யாழ்ப்பாணத்தில் எப்படிப் போகின்றன? நெடுந்தீவில் இருப்பவருக்குக் குறிகட்டுவானுக்குப் படகில் மட்டும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். இரவில் கடற்படைப் படகு வர வேண்டும், கடலும் இடம் கொடுக்க வேண்டும். தரையில் இருப்பவர்களுக்கு இப்போது நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது. அதற்கு முன் ஓட்டோ பிடித்து, முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து மந்திகை அல்லது தெல்லிப்பழை, அங்கிருந்து யாழ் போதனா வைத்தியசாலை என்று படிப்படியாக ஏறி வந்தவர்களே அதிகம்.

படகும் அம்புலன்ஸும் தீர்க்காத தாமதம் ஒன்று இருக்கிறது. வீட்டில் எழுபது வயது ஐயாவும் அம்மாவும் மட்டும். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும். நள்ளிரவில் சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்டால், "மூத்தவனோட ஒருக்கால் கதைச்சுப் போட்டுச் சொல்லுறம் டொக்டர்" என்பார் அம்மா. மூத்தவர் வேலையில் நிற்பார், போன் எடுக்கமாட்டார். எடுத்ததும், "கொழும்புக்குக் கொண்டு போகலாமோ?" என்று கேட்பார். கேட்பதில் பிழையில்லை, தூரத்தில் இருப்பவரின் பயம் அது. ஆனால் டென்மார்க்கில் துளைந்த புண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்த 2,668 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இந்த இடத்தில் நினைவுக்கு வரும்: ஆஸ்பத்திரிக்கு வந்தபின் தாமதமாகும் ஒவ்வொரு மணித்தியாலமும் உயிர் தப்பும் வாய்ப்பை முந்திய மணித்தியாலத்தைவிட 2.4 சதவீதம் குறைக்கிறது. கொழும்புக்குத் தரைவழி ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஓட்டை அடைக்கும் இந்தச் சத்திரசிகிச்சை யாழ்ப்பாணத்தில் நாளாந்த வேலை. சம்மதத்தை நோயாளியே கொடுக்கலாம் என்பதையும் குடும்பங்கள் மறந்துவிடுகின்றன.

சிகிச்சையின் தர்க்கம் குடாநாட்டுக்காரருக்கு இலகுவில் விளங்கும். மலகூடக் குழி கிணற்றுக்குள் கசிகிறது என்றால் குளோரினை மட்டும் அள்ளிக் கொட்டிப் பயனில்லை. கசிவை அடைக்க வேண்டும், கிணற்றை இறைக்க வேண்டும், அதன் பிறகுதான் குளோரின். வயிற்றிலும் அதே ஒழுங்குதான். ஒரேயொரு வித்தியாசம், இங்கே மருந்தை முதலிலேயே தொடங்கிவிடுவார்கள், ஏனென்றால் கிருமி இரத்தத்திலும் ஏறியிருக்கும்.

ஆகவே தியேட்டருக்கு முன் ஒன்றிரண்டு மணித்தியாலம் நாளத்தில் சேலைன் வேகமாக ஓடும். செப்சிஸ் (தொற்று உடம்பு முழுவதையும் தாக்கிய நிலை) அதிர்ச்சியில் இருப்பவருக்கு முதல் மூன்று மணித்தியாலத்தில் நிறையில் ஒரு கிலோவுக்கு 30 மி.லீ. என்பது உலக வழிகாட்டி, 60 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 2 லீட்டர். நுண்ணுயிர்க்கொல்லி முதல் மணித்தியாலத்துக்குள் ஏற வேண்டும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையை வெறுமையாக்குவார்கள். சிறுநீர்க் குழாய் போட்டு மணித்தியாலத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்கள். வெளியில் நிற்கும் சொந்தக்காரருக்கு இது வீணான தாமதமாகத் தெரியும். வறண்ட உடம்பை மயக்க மருந்துக்குக் கொண்டு போனால் மேசையிலேயே இதயம் நிற்கலாம்.

வயிற்றின் நடுக்கோட்டில் வெட்டி உள்ளுறையைத் திறந்ததும் சில வேளை காற்று சீறிக்கொண்டு வெளியேறும். அந்த நிமிடமே பாதி விடயம் தெரிந்துவிடும். பச்சை கலந்த மஞ்சள் நீர், மணமில்லை என்றால் மேற்குடல். மலநாற்றம் என்றால் பெருங்குடல். வந்த நேரம் பிந்தியிருந்தால் குடல்களின் மேல் வெள்ளைப் படலம் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒவ்வொரு சுருளாக விரலால் பிரிக்க வேண்டியிருக்கும். ஓட்டை பெரும்பாலும் ஏமாற்றமான அளவு: முன்சிறுகுடலின் முன்பக்கத்தில் அரைச் சென்ரிமீற்றர், சுற்றிலும் தடித்த விளிம்பு. மூன்று தையல் போட்டு இறுக்காமல் விட்டு, ஓமெண்டம் என்ற கொழுப்புத் திரையில் இரத்த ஓட்டமுள்ள ஒரு நாக்கை இழுத்து ஓட்டையின் மேல் வைத்து, தையல்களை அதன் மேல் மெதுவாக முடிச்சிடுவார்கள். இறுக்கினால் கொழுப்பு கறுத்துவிடும். விட்டால் கசியும். கனடாவின் றொஸ்கோ கிரஹாம் 1937இல் எழுதிய முறையின் பெயரால் இதை இன்றும் அழைக்கிறார்கள். அடைப்பது பத்து நிமிட வேலை. அதன்பின் பிரிமென்றகட்டின் கீழ், ஈரலுக்குப் பின், இடுப்பெலும்புக் குழி என்று நீர் தேங்கும் ஒவ்வொரு மூலையாக இளஞ்சூட்டுச் சேலைன் ஊற்றி, நீர் தெளிந்து வரும்வரை உறிஞ்சி எடுப்பதுதான் நேரம் பிடிப்பது. துளைந்தது இரைப்பையாக இருந்தால் விளிம்பில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

பெருங்குடல் என்றால் கதை மாறும். சீழ் நிறைந்த வயிற்றில் குடலை இணைத்தால் பிடிக்குமா என்பது சூதாட்டம். நிலையற்ற நோயாளியில் நோயுற்ற பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மேல் முனையை வயிற்றுச் சுவரில் வெளியே கொண்டுவந்து பையைக் கட்டுவார்கள். வயிற்றில் பையோடு வீட்டுக்குப் போவதை எங்கள் ஆட்கள் உயிர் போவதைவிடப் பெரிதாக எடுக்கிறார்கள், கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகாமல் அறைக்குள் ஒதுங்குகிறார்கள். பலருக்கு அது சில மாதங்களில் திரும்ப உள்ளே இணைக்கக்கூடியது என்பதை ஒப்பரேஷனுக்கு முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

நுண்ணுயிர்க்கொல்லி எத்தனை நாள்? காய்ச்சல் விட்டு, வெண்குழிய எண்ணிக்கை இறங்கும்வரை என்று பத்து நாள், இரண்டு கிழமை கொடுத்த காலம் இருந்தது. 2015இல் வெளிவந்த ஒரு பரீட்சார்த்த ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 518 நோயாளிகளில், கசிவை ஒழுங்காக அடைத்த பின் நாலு நாள் கொடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ எட்டு நாள் கொடுத்தவர்களுக்கும் விளைவில் வேறுபாடு காணவில்லை. இரு பக்கமும் ஏறத்தாழ 22 சதவீதத்தினருக்குக் காயத் தொற்றோ, மீண்டும் வயிற்றுத் தொற்றோ, மரணமோ நேர்ந்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பரவிய தெற்காசியாவில் இந்த முடிவுக்குப் பெறுமதி இன்னும் அதிகம். நாலாம் நாளுக்குப் பிறகும் காய்ச்சல் விடவில்லை என்றால் மருந்தை நீட்டுவதற்கு முன் வயிற்றில் எங்கே சீழ் ஒளிந்திருக்கிறது என்று ஸ்கானில் தேட வேண்டும்.

இனி, எத்தனை பேர் தப்புகிறார்கள் என்ற கேள்வி. 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் இருந்து தமிழில் மருத்துவம் படிப்பித்த காலத்தில், இந்த நோய்க்கு உலகெங்கும் அபின் கொடுத்து நோவைத் தணிப்பதே வழி. துளைந்த இரைப்பைப் புண்ணை அடைத்து நோயாளி பிழைத்தது 1892இல், ஜெர்மனியில். அதன்பின் மூன்று தசாப்தங்களில் வயிற்றைத் திறந்து கசிவை அடைப்பது வழக்கமானதால் மட்டுமே, எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் இல்லாத அந்தக் காலத்தில், இறப்பு கணிசமாகக் குறைந்தது என்று 1926இல் ஜெர்மன் சத்திரசிகிச்சை வைத்தியர் மார்ட்டின் கிர்ஷ்னர் கணக்குக் காட்டினார். அண்மைக் காலத்தில், 54 நாடுகளில் 132 மருத்துவமனைகளைச் சேர்ந்த 4,500க்கும் மேற்பட்ட வயிற்றுத் தொற்று நோயாளிகளை 2014–15இல் தொடர்ந்து பார்த்த ஆய்வில் இறப்பு 9.2 சதவீதம்.

ஆனால் சராசரி யாருக்கும் உதவாது. மான்ஹைம் குறியீடு என்ற ஒரு பழைய புள்ளிக் கணக்கு இருக்கிறது, 1983இல் ஜெர்மனியில் உருவாக்கியது. காகிதமும் பேனையும் போதும் என்பதால் எங்களைப் போன்ற இடங்களுக்கு இன்றும் பொருந்தும். வயது 50க்கு மேல் என்றால் 5. பெண் என்றால் 5. ஏதாவது உறுப்பு செயலிழந்தால் 7. புற்றுநோய் 4. சத்திரசிகிச்சைக்கு முன் 24 மணித்தியாலத்துக்கு மேல் போனால் 4. கசிவு பெருங்குடலில் இருந்து இல்லையென்றால் 4. வயிறு முழுக்கப் பரவியிருந்தால் 6. நீர் கலங்கிச் சீழாக இருந்தால் 6, மலமாக இருந்தால் 12. பெண்ணுக்கு ஏன் 5 என்பதும் பெருங்குடல் அல்லாததற்கு ஏன் 4 என்பதும் புள்ளிவிவரத்தில் அப்படி வந்ததே தவிர, நோயாளியின் பக்கத்தில் நின்று விளக்க முடியாதவை. மொத்தம் 47. ஏழு நிலையங்களின் நோயாளிகளில் பின்னர் சரிபார்த்தபோது 21க்குக் கீழே இறப்பு 2.3 சதவீதம், 21 முதல் 29 வரை 22.5, 29க்கு மேல் 59.1.

இதை ஒரே ஆளில் போட்டுப் பார்ப்போம். 62 வயது ஆண், துளைந்த முன்சிறுகுடற் புண், நீர் வயிறு முழுக்கப் பரவியிருக்கிறது. ஆறு மணித்தியாலத்துக்குள் தியேட்டருக்குப் போய் உள்ளே தெளிந்த நீராக இருந்தால் வயதுக்கு 5, இடத்துக்கு 4, பரவலுக்கு 6, மொத்தம் 15. அதே ஆள் நோ குறைந்தது என்று வீட்டில் படுத்து, 30 மணித்தியாலம் கழித்து, நீர் சீழான பிறகு போனால் 4 உம் 6 உம் கூடி 25. இடையில் சிறுநீரகமும் நின்றுவிட்டிருந்தால் 32. ஓட்டை அதே அரைச் சென்ரிமீற்றர்தான், வெட்டுபவரும் அதே வைத்தியர். குழுக்களுக்கான எண்ணைத் தனி ஆளின் தலைவிதியாக வாசிக்கக்கூடாது. என்றாலும் அந்த 15இல் இருந்து 32 வரை ஏறியது முழுவதும் வெளியில் நடந்தது.

ஒப்பரேஷன் முடிந்தபின் வரும் இரண்டு கிழமையும் சிகிச்சையின் பகுதிதான். வெட்டுக்காயத்தில் சீழ் பிடிப்பது மிகச் சாதாரணம். மோசமாக அழுக்கான வயிறு என்றால் தோலைத் தைக்காமல் சில நாள் திறந்தே விடுவது இதற்காகத்தான், கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு கட்டுத் துணியை நனைத்துக்கொண்டு இளஞ்சிவப்பு நீர் திடீரென்று வந்தால், வயிற்றுச் சுவரின் உள் தையல் விடுகிறது என்று பொருள், தாதியை உடனே கூப்பிட வேண்டும். ஒரு கிழமைக்குப் பின் விட்டுவிட்டுக் காய்ச்சலும் சளியோடு அடிக்கடி வயிற்றால் போவதும் இடுப்புக் குழியில் சீழ் தேங்கியதைக் காட்டலாம். அடங்காத விக்கல் பிரிமென்றகட்டின் கீழே பார் என்கிறது. தேங்கிய சீழைப் பல நேரம் ஸ்கான் பார்த்து ஊசி வழியே வடித்துவிடலாம். திரும்பத் திறக்கத்தான் வேண்டுமென்றால், நாள் குறித்து ஒழுங்காகத் திறப்பதைவிட நிலைமை கேட்கும்போது திறப்பது போதும் என்று நெதர்லாந்தில் 232 பேரில் செய்து 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. இறப்பில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை, திறக்கும் தடவைகள் குறைந்தன.

சாப்பாட்டில் எங்கள் வீடுகள் செய்யும் கெடுதி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கிரந்தி என்று சொல்லி முட்டை வேண்டாம், மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம், இரண்டு மாதத்துக்கு வெறும் கஞ்சியும் பிஸ்கற்றும். செப்சிஸில் தசையெல்லாம் உருகிப் போன உடம்பு அது. காயம் ஒட்டுவதற்குப் புரதம் வேண்டும். வைத்தியர் வாயால் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு முட்டையை மறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது கையில் தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் எங்கே ஓட்டை, என்ன செய்தது, எந்தத் திசு பரிசோதனைக்குப் போனது என்று எழுதியிருக்கும். புண் என்றால் ஹெலிக்கோபக்டருக்கான மருந்தை, வழமையாக இரண்டு கிழமை, முழுதாக முடிக்க வேண்டும். முடித்தவர்களுக்குப் புண் திரும்புவது வெகுவாகக் குறைகிறது. டிக்ளோபெனாக் இனி இல்லை. இரைப்பைப் புண் என்றால் சில கிழமைகளில் கமராவை விட்டுப் பார்க்க வேண்டும். மேசன், தோட்டம், கடற்றொழில் செய்பவர்கள் சில மாதம் பாரம் தூக்கக்கூடாது, வெட்டிய இடத்தில் குடலிறக்கம் வரும் வாய்ப்பு இவர்களுக்குக் கூட. வயிற்றுக்குள் ஒட்டிய குடல்கள் வருடங்கள் கழித்தும் மடங்கி அடைபடலாம். அப்போது சத்தியும் வயிற்று ஊதலுமாக நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு வருபவரிடம் வைத்தியர் முதலில் கேட்பது அந்தக் கார்ட்டைத்தான். ரேஷன் மட்டையையும் காணி உறுதியையும் வைக்கும் உறையிலேயே அதையும் வையுங்கள், ஒரு படத்தை எடுத்துக் கனடாவுக்கும் அனுப்பிவிடுங்கள்.